பல வருஷம் கழிச்சு கடைக்குப் போய் தீபாவளி ஷாப்பிங்கா? தி.நகர் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"இந்த வருஷம் போன்ல வேண்டாம்டா. கடைக்கே போயி தொட்டுப் பார்த்து எடுத்துட்டு வந்துடலாம்."

தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் அம்மாக்கள் சொல்லும் வார்த்தை இது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அப்போது போனில் வாங்க ஆரம்பித்த குடும்பங்கள் பல, அதன் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. புடவையிலிருந்து புளி வரைக்கும் வாசலுக்கே வந்துவிடுகிறது. பிடிக்கவில்லையா? ஒரு பட்டனைத் தட்டினால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் வீடு. 60 வயதைத் தாண்டிய அம்மா, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி. மகனுக்கு வந்த போனஸில் துணிமணிக்கு ஒதுக்கிய பணம் 20,000 ரூபாய். எல்லாரும் சேர்ந்து கடைசியாக ரங்கநாதன் தெருவுக்குப் போனது 2019 தீபாவளிக்கு. அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. "இந்த வருஷம் போயிட்டு வந்துடறேன். அடுத்த வருஷம் நடக்க முடியுதோ என்னவோ" என்கிறார்.

கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தப்பாக எடுத்துவிட்டால், மறுபடியும் மாம்பலம் வந்து மாற்றிக்கொண்டு போக யாருக்கும் நேரம் இல்லை. அந்த ஒரு நாளும் அந்தப் பணமும் வீணாகாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆன்லைனுக்கும் கடைக்கும் என்ன வித்தியாசம்?

ஆன்லைனில் முதலில் பணம் கட்டுகிறோம், பொருளைப் பிறகுதான் பார்க்கிறோம். அதனால்தான் ஷாப்பிங் தளங்கள் 7 நாள், 10 நாள் என்று ரிட்டர்ன் வசதி தருகின்றன. 'பிடிக்கவில்லை' என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி எடுத்துக்கொள்வது அந்த நிறுவனங்கள் தாங்களாகத் தரும் சலுகை. சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு. 2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டியது போல இல்லாவிட்டாலோ விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது.

கடையில் இது தலைகீழ். பொருளைப் பார்த்து, தொட்டு, விரித்துப் பார்த்த பிறகுதான் பணம் கட்டுகிறோம். எனவே "கலர் பிடிக்கலை", "வீட்ல வேண்டாம்னுட்டாங்க" என்று திரும்பிப் போனால் பணத்தைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. மாற்றித் தருவது அவரவர் கடையின் வழக்கம்.

போனில் வாங்கிப் பழகியவர்கள் மறந்துபோவது இதைத்தான். வீட்டுக்கு வந்த பிறகு செய்துகொண்டிருந்த சரிபார்ப்பு முழுவதையும் கடையில், பில் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

தி.நகருக்கு எப்படிப் போறது? என்ன மாறியிருக்கு?

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, படியேறி, கூட்டத்தோடு கூட்டமாக ரங்கநாதன் தெருவில் கலப்பதுதான் பழைய வழி. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. லிஃப்ட், எஸ்கலேட்டர் வசதி இருக்கிறது. மூட்டுவலி அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. தெருவின் நெரிசலுக்குள் நுழையாமலேயே பேருந்து நிலையப் பக்கம் வந்துவிடலாம்.

பாண்டி பஜார் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு மாற்றம். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதையும் உட்கார இடமும் இருப்பதால், வயதானவர்கள் நடுவில் ஓய்வெடுக்க முடியும். தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைக்கும் மேம்பாலம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

காரில் போகலாமா? தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் தி.நகருக்குள் வண்டியை ஓட்டிச் செல்வதே பெரும்பாடு. குரோம்பேட்டை போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மின்சார ரயில்தான் சுலபம். பேருந்து என்றால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது.

நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்க்கலாம். கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் பாதி வேலை முடிந்துவிடும். விற்பனையாளரும் நின்று நிதானமாக நாலு புடவை கூடுதலாக எடுத்துப் போடுவார்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை என்ன?

போனில் வாங்கும்போது நம்முடைய அளவு, முகவரி, பட்ஜெட் எல்லாம் அதிலேயே பதிவாகி இருக்கும். கடைக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

• யார் யாருக்கு என்ன, எவ்வளவுக்குள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 20,000 ரூபாயை நாலு பேருக்குப் பிரித்து எழுதிவிட்டால், முதல் மாடியிலேயே பாதிப் பணம் காலியாகும் ஆபத்து இல்லை.
• கூட வராதவர்களுக்கு எடுப்பதாக இருந்தால், அவர்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய சட்டையையோ பிளவுஸையோ கொண்டுபோங்கள். ஒரு கம்பெனியின் 'எல்' சைஸ் இன்னொரு கம்பெனியின் 'எம்' ஆக இருக்கும். பழைய சட்டையை மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
• துணிப்பை அவசியம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது.
• கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். நடைபாதைக் கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது, உண்மைதான். ஆனால் ஒரே தெருவில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும்போது போன் சிக்னல் காலை வாரிவிடும்.

துணியில என்னென்ன பார்க்கணும்?

வெளிச்சம்: ஷோரூம் விளக்கில் ஜொலிக்கும் நிறம் வீட்டில் வேறாகத் தெரியும். "கொஞ்சம் வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பழைய காலத்து அம்மாக்கள் எல்லாரும் செய்ததுதான். பெரும்பாலான கடைகளில் ஆளோடு அனுப்புவார்கள்.

முழுதாக விரிப்பது: புடவையை முந்தானை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது. உடல் பகுதியில் கறை, இழை விட்ட இடம், சாயம் ஒழுங்கில்லாத இடம் இருக்கிறதா என்று முழுதாக விரித்துப் பார்க்க வேண்டும். பிளவுஸ் துணி சேர்ந்திருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். சட்டை, சுடிதாரில் தையல் ஓரம், பட்டன், ஜிப், உள் லைனிங். குழந்தை கவுனாக இருந்தால் கழுத்து, அக்குள் பக்கம் குத்துகிறதா என்று உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வெளியே பளபளக்கும் துணி உள்ளே சொரசொரவென்று இருந்தால், தீபாவளி காலை பத்து மணிக்கே குழந்தை கழற்றிப் போட்டுவிடும்.

பட்டு: நூலை எரித்துப் பார்த்தால் முடி கருகும் வாசனை வந்தால் அசல் பட்டு என்பார்கள். அது சரிதான். ஆனால் எந்தக் கடையில் நூல் உருவி எரிக்க விடுவார்கள்? அதற்காகத்தான் 'சில்க் மார்க்' முத்திரை வந்தது. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் தொடங்கியது. ஹாலோகிராமும் தனி எண்ணும் கொண்ட சீட்டு புடவையோடு இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். சில்க் மார்க் உறுதி சொல்வது பட்டு நூல் அசலா என்பதற்கு மட்டும்தான். ஜரிகை அசலா என்று அது சொல்லாது. வெள்ளிச் சரட்டில் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. மற்ற வகைகள் விலை குறைந்தவை. அதனால் "ஜரிகை என்ன வகை?" என்று தனியாகக் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதத் தயங்கினால், அதுவே உங்களுக்கான பதில். கைத்தறியா, விசைத்தறியா என்பதையும் சில்க் மார்க் சொல்லாது. அதற்கு 'கைத்தறி முத்திரை' தனியாக இருக்கிறது.

கைத்தறிதான் வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸ் ஒரு வழி. 1935-இல் தொடங்கிய, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிறுவனம். தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது.

தள்ளுபடி கணக்கு சரியா வருதா?

"50% + 20% தள்ளுபடி" என்று போர்டு இருக்கும். 70% என்று நினைத்துவிடக் கூடாது. 1,000 ரூபாய் சட்டைக்கு முதலில் 50% போனால் 500. அந்த 500-இல் 20% என்றால் 100. நீங்கள் கட்டப்போவது 400 ரூபாய். ஆக, மொத்தத் தள்ளுபடி 60%.

"2 வாங்கினால் 1 இலவசம்" என்றால், மொத்தத் தொகையை மூன்றால் வகுத்து ஒரு சட்டைக்கு எவ்வளவு என்று பாருங்கள். பட்டியலில் ஒரே ஒரு சட்டைதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், இலவசமாக வரும் மூன்றாவது சட்டையும் செலவுதான்.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. தள்ளுபடி கொடுத்துவிட்டு, "ஜி.எஸ்.டி. தனி சார்" என்று மேலே சேர்த்தால்? எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, குறைத்த விலையின் மீது தனியாக வரி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2017-இல் கூறியது. அப்போது பேச்சு வாட் வரி பற்றியது. வரி சேர்ந்ததே எம்.ஆர்.பி. என்பது இப்போதும் மாறவில்லை.

ஒரு உதாரணம்: எம்.ஆர்.பி. 2,999 ரூபாய், தள்ளுபடி 20% என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 2,399 ரூபாய் 20 காசு. வரி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஜி.எஸ்.டி.யிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை என்றால் வரி 5%. அதைத் தாண்டினால் 18%. இதற்கு முன்பு 1,000 ரூபாய் வரைதான் 5%, அதற்கு மேல் 12%. செருப்பு, ஷூவுக்கும் ஒரு ஜோடி 2,500 ரூபாய் வரை 5%தான்.

பில்: இதை விட்டுடாதீங்க!

கூட்டமான கடைகளில் சிலர் வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவார்கள். மேலே 'எஸ்டிமேட்' என்று இருக்கும். "பில் வேணும்னா டாக்ஸ் வரும்மா" என்றும் சொல்வார்கள். அந்தச் சீட்டை நம்பினால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது கையில் ஆதாரம் இருக்காது.

சரியான ஜி.எஸ்.டி. பில்லில் கடையின் பெயர், முகவரி, தேதி, பில் எண், 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவான கடை என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

பில் கவுன்ட்டரில் இன்னும் இரண்டு விஷயம்:

போன் நம்பர்: "மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்காத கவுன்ட்டர் இப்போது அபூர்வம். தராவிட்டால் பில் போட முடியாது என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம்ப்பா, பில் மட்டும் போடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம்.

பைக்குக் காசு: பொருளைத் தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று, கவுன்ட்டருக்கு வந்த பிறகு பைக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் கடைசியில் இப்படி வசூலிப்பது தவறு என்று 2020 டிசம்பரில் தேசிய ஆணையம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. கையில் மஞ்சப்பை இருந்தால் இந்தப் பேச்சே வராது.

"நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரிட்டர்ன்"னு எழுதியிருந்தா அவ்வளவுதானா?

இல்லை. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொருளில் குறை இல்லை, நமக்குத்தான் பிடிக்கவில்லை என்றால் கடையின் விதிதான் முடிவு. அதனால் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: "மாத்திக்கலாமா? எத்தனை நாளைக்குள்ள? பணமா, வேற துணியா? தள்ளுபடி துணிக்கும் உண்டா? தீபாவளிக்கு அப்புறம் வந்தா எடுத்துப்பீங்களா?" பதிலைப் பில்லில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. விலைச் சீட்டைத் தீபாவளி காலை வரை அறுக்காதீர்கள்.

பொருளில் குறை இருந்தால் கதை வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருந்தால் அந்த நாட்களுக்குள் போக வேண்டும். நாள் குறிப்பிடாவிட்டால் 30 நாள். முதல் அலசலிலேயே சாயம் கொட்டிய புடவையும் தையல் பிரிந்த சட்டையும் இந்தக் கணக்கில் வரும். "நோ ரிட்டர்ன்" என்று அச்சடித்த ஒரு வரி அந்த உரிமையை அழித்துவிடாது.

இங்கே பில்லில் போட்டிருக்கும் நாள் கணக்கு முக்கியம். மூன்று வாரம் முன்பே வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, தீபாவளி அன்று பிரித்துப் பார்த்தால் கெடு தாண்டியிருக்கலாம். வாங்கிய அன்றே வீட்டில் எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

போனில் வாங்கவே கூடாத ஒன்று எது?

பட்டாசு. இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. "சிவகாசி ஃபேக்டரி விலை, பாதிப் பணம் முன்பணம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பினால், பெட்டியும் வராது, பணமும் வராது. உரிமம் பெற்ற கடையில் நேரில்தான் வாங்க வேண்டும். பெட்டியில் பசுமைப் பட்டாசுக்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சரவெடிக்கு அதே தீர்ப்பிலேயே தடை விதிக்கப்பட்டது. வெடிக்கும் நேரமாகத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் அனுமதித்து வருகிறது.

துணியோடு சேர்த்துப் பட்டாசையும் வாங்கிக்கொண்டு மாம்பலத்தில் ரயில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். ரயில்வே சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பட்டாசை வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள்.

இனிப்பு வாங்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எடை போடும்போது டப்பாவின் எடை சேரக் கூடாது. வெறும் டப்பாவை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கனமான அட்டை டப்பாவில் முந்திரிக் கேக் விலை கொடுத்து அட்டை வாங்க வேண்டாமே!

பேத்திக்குத் தோடு எடுக்கலாமா என்று நகைக் கடைக்குள் நுழைந்தால், ஹால்மார்க் பார்க்க மறக்காதீர்கள். பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை எண், ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் என மூன்றும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகைகளில் இந்த ஆறு இலக்க அடையாளம் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எழுத்துகளையும் எண்களையும் தட்டினால், அது எந்த வகை நகை, என்ன தூய்மை என்று அங்கேயே தெரிந்துவிடும். பொடி எழுத்தாக இருக்கும். பூதக்கண்ணாடி கேளுங்கள், கடையில் கொடுப்பார்கள்.

கூட்டத்துல கவனம்

• குழந்தையின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பரை எழுதிவையுங்கள். "காணாமப் போனா இந்தக் கடை வாசல்ல நில்லு" என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.
• நகையைக் குறைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோ முந்தானையோ இருக்கட்டும். பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.
• யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லி உறுதி செய்யுங்கள். பணம் பெறுவதற்கு யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.
• பல மாடிக் கடையில் நுழைந்ததும் படிக்கட்டும் அவசர வழியும் எங்கே என்று பாருங்கள். 2017 மே 31 அதிகாலை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறக்காத நேரம் என்பதால் அன்று உள்ளே வாடிக்கையாளர்கள் இல்லை. லிஃப்ட்டை மட்டும் நம்பி ஏழாவது மாடிக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்ல நிக்கிறவங்களையும் பாருங்க

போனில் வாங்கியபோது நாம் பார்க்காத ஒருவர் கடையில் இருக்கிறார். நாற்பது புடவையை எடுத்துப் போட்டு, நாற்பதையும் மறுபடி மடித்து வைக்கும் விற்பனையாளர். காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை பார்த்ததுதான் இவர்களின் பல வருட நிலைமை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதன்படி, வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டியது கடையின் பொறுப்பு. முன்பு பார்க்காத சின்ன ஸ்டூல் ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தால், காரணம் இதுதான்.

அவரிடம் முதலிலேயே பட்ஜெட்டைச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. "தம்பி, மூவாயிரத்துக்குள்ள, அரக்கு கலர், கனம் இல்லாம வேணும்" என்று அம்மா சொன்னால், அலமாரியில் சரியான அடுக்குக்கு அவர் கை போகும். எந்தத் துணி சாயம் போகும், எது சுருங்கும், சென்ற வாரம் எதை அதிகம் பேர் மாற்ற வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். பக்குவமாகக் கேட்டால் சொல்லவும் செய்வார்.

பிரச்சினை வந்தா எங்கே போறது?

முதலில் கடை மேலாளரிடம் பில்லோடு பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது, எடைக் குறைவு போன்றவற்றை, தமிழகத்தில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம்.

அதற்கும் தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பணம் கட்டும் முன் ஒரு நிமிஷம்

1. வாசல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தாச்சா?
2. முழுதாக விரித்துப் பார்த்தாச்சா? அளவு சரியா?
3. சொன்ன தள்ளுபடிதான் பில்லில் வந்திருக்கிறதா? எம்.ஆர்.பி.க்கு மேல் வரி சேர்த்திருக்கிறார்களா?
4. மாற்றிக்கொள்ள எத்தனை நாள் என்று கேட்டாச்சா?
5. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கையில் இருக்கிறதா?

இந்த ஐந்தையும் பார்க்க ஒரு துணிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. குரோம்பேட்டை அம்மா மாதிரி வருஷக் கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு நாள் கிளம்பி வருகிறவர்களுக்கு, அந்த ஐந்து நிமிடம் இன்னொரு மாம்பலம் பயணத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை பீரோவில் வைப்பதற்கு முன், பில்லை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வெயில் பட்டால் அந்தக் காகிதத்தில் எழுத்து மங்கிவிடும். போட்டோ போனிலேயே இருக்கும். இத்தனை வருஷம் நமக்காகக் கடைக்குப் போய் வந்த போனுக்கு இந்தத் தீபாவளிக்கு அந்த ஒரு வேலை போதும்.